படம் வரவேண்டிய இடம்

அத்தியாயம் 11

“அந்தப் போட்டோவை எடுத்துடு,” என்றான் அண்ணன்.

எறும்பு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிடலாமா என்று பார்த்தாள். வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூலின் முன்னறை அதற்கு இடம் தரும் அளவு பெரியதில்லை. ஒரு நீள மேசை, அதில் இரண்டு கம்ப்யூட்டர், மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய ஆரஞ்சு நிறக் கூம்புகள், சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட அட்டை. இதற்குள் யார் முணுமுணுத்தாலும் எல்லாருக்கும் கேட்கும்.

“எந்தப் போட்டோ?”

“எத்தனை போட்டோ இருக்கு அதுல?”

ஒன்றுதான் இருந்தது. திரையின் மேல்பகுதி முழுவதும் அண்ணி. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கையை ஜன்னலில் ஊன்றி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள். சொல்லித்தருபவருக்கென்று அண்ணியின் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் படத்தில் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இல்லாமல் இரண்டு வாரம் ஆகிறது. காரைச் சுவரில் இடித்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். திட்டு வாங்கியது அண்ணி. “உன்னை நம்பி வண்டியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்,” என்று பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னான். அண்ணி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினாள். காரின் கதவை மெதுவாகச் சாத்தினாள். பஸ் பிடித்துத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா செய்தால் எடுத்து, “நல்லா இருக்கேன் அத்தை,” என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

எறும்பு என்பது வீட்டில் வைத்த பெயர். எதையும் வரிசை தப்பாமல், ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள் என்பதால். பகலில் இந்த முன்னறையில் சேர்க்கை வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வெப்சைட் டிசைன் வகுப்புக்குப் போகிறாள். அங்கே சொல்லிக்கொடுத்த முறையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, ஸ்கூலுக்கென்று ஒரு வெப்சைட் வரைந்திருந்தாள். முதலில் பென்சிலில் வெறும் கட்டங்கள். எது மேலே, எது கீழே என்பது மட்டும். பிறகு அதையே கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில். அதன்பிறகு எழுத்து. நிறம் கடைசியில்தான். முதலிலேயே நிறம் வந்துவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எறும்பு அதை நம்பினாள். நம்பினாலும், வேறு யாராவது செய்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்குமோ என்ற கேள்வி ஒவ்வொரு படியிலும் அவளைக் குடைந்துகொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை புது வகுப்பு தொடங்குகிறது. வரைந்ததை நிஜ வெப்சைட்டாகக் கட்டித்தரப்போகும் தோழியிடம் இன்று சாயங்காலம் ஒப்படைக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் அண்ணன் இப்படி வந்து நிற்கிறான்.

“ஒரு போட்டோவை எடுக்க இவ்வளவு யோசனையா?”

“இதை எடுத்தா மத்ததெல்லாம் மாறும்ணா. இந்த மஞ்சள் பட்டன் இருக்குல்ல, அது அண்ணி போட்டிருக்கற சட்டையிலேர்ந்து எடுத்த கலர். பின்னாடி இருக்கற வெளிர் நீலம் ஜன்னல்ல தெரியற வானம். போட்டோ போயிட்டா, இந்தக் கலர் எல்லாம் எங்கேர்ந்து வந்ததுன்னே தெரியாம நிக்கும்.”

“பட்டனுக்கு எதுக்கு என் பொண்டாட்டி சட்டை? சிவப்பு வெச்சுக்கோ. பளிச்சுனு தெரியும்.”

“சிவப்புன்னா நில்லுன்னு அர்த்தம். ‘சேர விரும்புகிறேன்’னு எழுதி அதைச் சிவப்புல வெச்சா யாரு அமுக்குவாங்க? நடத்தறது டிரைவிங் ஸ்கூல், உனக்கு நான் சொல்லணுமா?”

மாடியிலிருந்து அம்மா டீ எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“ஸ்கூல் பேரு ஏன் இத்துணூண்டு இருக்கு? உங்கப்பா வெச்ச பேரு. நல்லா பெரிசா போடேன்.”

“ஏற்கனவே ரெண்டு தடவை பெரிசாக்கியாச்சும்மா.”

“மூணாவது தடவை ஆக்கினா கம்ப்யூட்டர் உடைஞ்சா போயிடும்?”

வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் உடனே முடியாது என்று சொல்லாதீர்கள், ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள் என்பது வகுப்பில் கற்ற இன்னொரு பாடம். வாடிக்கையாளர் கூடப்பிறந்த அண்ணனாக இருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. எறும்பு நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

“ஏன் எடுக்கணும்? கோபமா?”

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்தான். கோபமாக இருப்பவன் அவ்வளவு நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

“கோபமில்ல. திங்கட்கிழமை இந்தப் படத்தைப் பார்த்துட்டு பொண்ணுங்க வந்து நிப்பாங்க. இந்த டீச்சர் எங்கேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? அவ வருவாளா இல்லையான்னு எனக்கே தெரியல. அவ வரவே இல்லைன்னா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

எறும்புக்கு அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இல்லாத ஒன்றை இருப்பதாக ஒரு வெப்சைட் சொல்லக்கூடாது. ஆனால் அண்ணி இல்லையென்று ஆகிவிட்டாளா? அதை முடிவு செய்ய இவள் யார்? போட்டோ இருந்தால் பொய்யாகிவிடலாம். எடுத்தால், அண்ணி திரும்பி வரமாட்டாள் என்று இந்த வீடே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டில் எது சின்னத் தப்பு என்று அவளால் எடைபோட முடியவில்லை.

கடைசியில், வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டோவைத் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

வழக்கமாக அவள் எதையும் நேராக அழிப்பவள் இல்லை. முதலில் பக்கத்தை நகல் எடுப்பாள், நகலில்தான் கைவைப்பாள். அசல் பத்திரமாக இருக்கும். இன்றைக்கு அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது. அசலிலேயே கைவைத்துவிட்டாள்.

“இப்ப அங்க என்ன போடறது?” என்றான் அண்ணன்.

இலவசமாகப் படம் கிடைக்கும் தளம் ஒன்றில் தேடி ஒரு படத்தை எடுத்துப் போட்டாள். டை கட்டிய ஒருவர் பல் வரிசை முழுவதையும் காட்டியபடி கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு இவரு? பேஸ்ட் விக்கறவரா?” என்றாள் அம்மா.

அதை எடுத்துவிட்டு அண்ணனுடைய போட்டோவைப் போட்டாள். காருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் படம் எடுத்த அன்று வெயிலில் கண் கூசியது உண்மைதான். அதற்காக முகத்தை இவ்வளவா சுளிப்பது.

“காணவில்லைன்னு கீழ எழுதிட்டா முடிஞ்சுது,” என்றாள் அம்மா.

“அம்மா, நீங்க மேல போங்க,” என்றான் அண்ணன்.

“போறேன். பெத்தவ உண்மையைச் சொன்னா மேல போகணும்.” சொன்னாளே தவிர, அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எறும்பு அந்தப் படத்தையும் எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும் இருந்தது. மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு.

“இது என்ன, பெருக்கல் குறி?”

“படம் வரவேண்டிய இடம்ணா. படம் இன்னும் கையில இல்லைன்னா இப்படித்தான் விட்டு வைப்போம்.”

சற்றுமுன் தன் மனைவி சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும் அதன்மேல் அடித்துவிட்டது போன்ற இரண்டு கோடுகளும். அண்ணன் டம்ளரை மேசையில் வைத்தான். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அப்போதுதான் திரையின் வலது ஓரத்திலிருந்து ஓர் அம்புக்குறி உள்ளே வந்தது.

எறும்பின் கை மவுஸில் இல்லை. ஆனாலும் அம்பு நகர்ந்தது. மெதுவாகப் பக்கத்தின் குறுக்கே வந்து, சாம்பல் கட்டத்தின் நடுவில், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றது. அம்பின் வாலில் சின்ன எழுத்தில் ஒரு பெயர்: டீச்சரக்கா.

பயிற்சிக்கு வரும் பெண்கள் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“அது என்ன தானா நகருது?” என்றான் அண்ணன்.

எறும்புக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சாம்பல் கட்டங்களாக இருந்த காலத்திலேயே இந்த வேலையின் லிங்க்கை அண்ணிக்கு அனுப்பியிருந்தாள். எங்கே இருந்து திறந்தாலும் இதே அசல் பக்கம் வரும், தோன்றுவதை எழுதுங்கள், மாற்றணும்னா மாற்றுங்கள் என்று அவள்தான் சொன்னாள். அண்ணியும் எழுதினாள். ‘என் மூக்கு இவ்வளவு பெரிசா?’ என்று ஒருமுறை. ‘ஃபோன்ல பார்த்தா பட்டன் கைக்கு எட்டலை’ என்று ஒருமுறை. சண்டைக்குப் பிறகு அந்த லிங்க்கை யாரும் மூடவில்லை. மூட வேண்டும் என்று எறும்புக்குத் தோன்றவுமில்லை.

“அண்ணிதான்,” என்றாள்.

“எங்க?”

“அவங்க அக்கா வீட்டு கம்ப்யூட்டர்ல. இதே பக்கத்தை அங்கேர்ந்து பாக்கறாங்க.”

“இப்பவா?”

“இப்பதான்.”

“நாம பண்ணினதெல்லாம் தெரிஞ்சிருக்குமா?”

“அவங்க எப்போ வந்தாங்கன்னு நான் கவனிக்கலண்ணா.”

“மூடு அதை.”

“நான் மூடினா எனக்குத்தான் மூடும். அவங்களுக்கு அப்படியேதான் இருக்கும்.”

அண்ணன் திரையையே பார்த்தான். அம்பு அசையவில்லை. பிறகு கட்டத்தின்மேல் ஒரு சின்னக் குமிழ் முளைத்தது. குறிப்பு எழுத அதைத்தான் பயன்படுத்துவார்கள். எறும்பு அதைத் திறந்தாள்.

‘டை கட்டினவருக்கு ஸ்டீயரிங் தப்பான பக்கம் இருந்துது. யாரும் கவனிக்கலையா?’

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்தான். அடுத்த நொடி, அண்ணி எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர்களுக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

“பதில் எழுது,” என்றான்.

“நான் எழுத மாட்டேன்.”

“என்ன எழுதணும்னு நான் சொல்றேன்.”

“அதான் மாட்டேங்கறேன். அந்தக் கம்ப்யூட்டர்ல லிங்க்கைத் திறந்து தரேன். நீ எழுது.”

இப்படிப் பேசிவிட்டோமே என்று உடனே பயமாகவும் இருந்தது அவளுக்கு. அண்ணன் கோபப்படவில்லை. மேசையின் அடுத்த முனையில், சேர்க்கை விவரம் பதியும் பழைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். அவள் திறந்து கொடுத்தாள். திரையில் இன்னோர் அம்பு வந்தது. அதன் வாலில் ‘ஆபீஸ்’ என்று இருந்தது.

எங்கே எழுத வேண்டும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் தலைப்பை இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கிவிட்டான். ‘பயமில்லாமல் ஓட்டப் பழகுங்கள்’ என்ற வரி மறைந்தது. அந்த இடத்தில், திரையில் இருந்ததிலேயே பெரிய, தடித்த எழுத்தில் வந்து நின்றது:

சாப்பிட்டியா

“அண்ணா, அது தலைப்பு.”

“அவளுக்குத் தெரியுதா?”

“தெருவுல பேனர் கட்டின மாதிரி தெரியும்.”

குமிழில் பதில் வந்தது. ‘யார் இது? எறும்பா?’

அண்ணன் முதல் வார்த்தையை அழித்துவிட்டு ‘இல்லை’ என்று அடித்தான். அதை அழித்து ‘நான்’ என்றான்.

‘நான்னா?’

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்பக் கவனமாக.

உன் புருஷன்

இந்தத் தடவை குமிழில் எதுவும் வரவில்லை. டீச்சரக்கா என்ற அம்பு மட்டும் கட்டத்திலிருந்து இறங்கித் தலைப்பின் பக்கம் வந்து நின்றது.

அண்ணன் அடித்தான். ‘அன்னிக்கு’ என்று வந்தது. அழித்தான். ‘சுவர் போனா போகுது’ என்று வந்தது. அதையும் அழித்தான். ‘நீயும் ஒரு வார்த்தை’ என்று தொடங்கி, அவசரமாக அழித்தான்.

“அண்ணா,” என்றாள் எறும்பு மெதுவாக. “நீ அழிக்கறதும் அவங்களுக்குத் தெரியும்.”

அவன் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

“எல்லாமா?”

“எழுத்து எழுத்தா.”

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். வெளியே ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டு, தேய்ந்து, நின்றது. பிறகு அவன் முன்னால் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, ஒன்றையும் அழிக்காமல் அடித்தான்.

எல்லார் முன்னாடியும் உன்னைச் சொன்னது தப்பு. சொல்லும்போதே தெரிஞ்சுது. நிறுத்தத் தெரியல.

மூன்று வரி எடுத்துக்கொண்டது. தலைப்புக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தாண்டி, கீழே இருந்த மஞ்சள் பட்டனின் மேலேயே ஏறிவிட்டது. எறும்பு தன் வேலையில் இதைவிட மோசமான ஒரு பக்கத்தை இதுவரை பார்த்ததில்லை.

“கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?” என்றான்.

“முடியும். ஆக்கவா?”

யோசித்தான். “வேண்டாம். இருக்கட்டும்.”

மூவரும் காத்திருந்தார்கள். அம்மா ஸ்டூலைச் சத்தமில்லாமல் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

அந்த வாக்கியத்தைச் சுற்றி ஒரு நீலக் கோடு விழுந்தது. அண்ணி அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அழிக்கப்போகிறாள் என்று எறும்பு நினைத்தாள். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டான். ஆனால் வாக்கியம் மறையவில்லை. நகர்ந்தது. பக்கத்தின் எல்லையைத் தாண்டி, வெளியே இருக்கும் வெற்றிடத்துக்குப் போய் நின்றது.

“தூக்கிப் போட்டுட்டாளா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. ஓரமா வெச்சிருக்காங்க. வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணாததை நாங்க அங்கதான் வெப்போம்.”

அண்ணியின் அம்பு அத்தோடு நிற்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு அருகில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டத்தை இழுத்து விரித்தாள். இவர்கள் பக்கத்தின் அதே அளவு. கொஞ்சம் கோணலாக ஆரம்பித்து நேராக்கினாள். பிறகு இங்கிருந்த சாம்பல் கட்டத்தை நகலெடுத்து அதன் தலையில் வைத்தாள். கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

பெண்களுக்குப் பெண் சொல்லித்தரும் வகுப்பு. பொறுப்பு முழுவதும் என்னுடையது.

கடைசியாக ஒரு குமிழ். ‘எறும்பு, இதுக்கும் கலர் நீதான் பார்க்கணும். சரியா வருமான்னு நீயே யோசிச்சுச் சொல்லு.’

அம்பு மறைந்தது. அவள் மூடிவிட்டாள்.

அண்ணன் எழுந்து இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது நம்ம ஸ்கூலோட இன்னொரு பக்கமா? இல்ல, வேற ஸ்கூலா?”

எறும்பு அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். நிறம் பார்ப்பது பெரிய காரியமில்லை. யாருக்காகப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். அண்ணி தனியாகத் தொடங்கினால், அவளுக்கு வரைந்து கொடுப்பதா? மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

“பார்த்தா தெரியாதுண்ணா. ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொண்ணுக்குக் கோடு இழுத்தாத்தான் ரெண்டும் ஒரே வெப்சைட். இந்த பட்டனை அமுக்கினா அங்க போகணும்னு அர்த்தம். கோடு இல்லைன்னா ரெண்டும் தனித்தனி.”

“அவ கோடு போடலையே.”

“போடல.”

“அவதான் போடணுமா?”

“யார் வேணும்னாலும் போடலாம். பிடிக்கலன்னா அவங்க எடுத்துடலாம்.”

“ஒரு ஃபோன் போட்டு வாயால கேக்கறதை விட்டுட்டு,” என்றாள் அம்மா.

“எடுத்தா கேக்க மாட்டேனா?”

அவன் பழைய கம்ப்யூட்டரிடம் திரும்பிப் போனான். எறும்பு காட்டிக்கொடுத்தபடி மஞ்சள் பட்டனின் ஓரத்தில் இருந்த சின்ன வட்டத்தை அழுத்திப் பிடித்து இழுத்தான். மெல்லிய நீலக் கோடு ஒன்று அவன் கையோடு வந்தது. பக்கத்தின் எல்லையைத் தாண்டியது. ஓரமாக நின்ற அவனுடைய வாக்கியத்தைத் தாண்டியது. அண்ணி வரைந்த பக்கத்தின் விளிம்பில் போய் நின்றது.

“விட்டா ஒட்டிக்குமா?”

“ஒட்டிக்கும்.”

அப்போது டீச்சரக்கா என்ற அம்பு மறுபடியும் திரைக்குள் வந்தது.

கையோடு இருக்கும் கோடு மற்றவர்களுக்குத் தெரியாது, விட்ட பிறகுதான் தெரியும் என்பதை எறும்பு அவனிடம் சொல்லவில்லை. இந்த நிமிடம் அண்ணிக்குத் தெரிவதெல்லாம், தன் பக்கத்தின் விளிம்பில் வந்து நிற்கும் ‘ஆபீஸ்’ என்ற ஓர் அம்பு மட்டும்தான்.

அண்ணன் மவுஸிலிருந்து விரலை எடுக்கவில்லை.